இன்சுலினுக்கு இரண்டு மரக்கால்

பெரிய மிராசுதார் வீடுகளில் முன்காலத்தில் இரண்டு மரக்கால் இருந்தன என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று; கூலி நெல்லை அளந்து போட மற்றொன்று. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். வித்தியாசம் கூலிக்காரன் வீட்டு அடுப்பில் ஏறும் பானையில்தான் தெரியும். அந்த மோசடியைப் பற்றி இன்று நாம் எழுத வரவில்லை. ஒருவரும் மோசம் செய்ய நினையாமலே அதேபோன்ற இரட்டை மரக்கால் ஒன்று நமது மருந்துக் கடைகளில் இன்றும் புழங்கி வருகிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் மருந்து நமது நாட்டில் முக்கியமாய் இரண்டு பலத்தில் விற்கப்படுகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் சாதாரண மருந்துக் கடையிலும் கிடைக்கும் 10 மில்லி பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கிறது. பேனா ஊசிக்குள் போடும் 3 மில்லிக் குழாயிலும், புதுவகை இன்சுலின் பாட்டில்கள் பலவற்றிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிறது. 2022-ல் வெளியான இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சாதாரண இன்சுலின் 40 என்றும், கிளார்ஜின் இன்சுலின் 100 என்றும் இரண்டும் இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே இது ஏதோ ஒரு கடைக்காரரின் குளறுபடி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மருந்து இரண்டு பலம் ஆனதால் சிரிஞ்சும் இரண்டு விதமாயிற்று. சிவப்பு மூடி போட்டது 40-க்கு உரியது. ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு உரியது. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள பேதத்தை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தாலே சிலருக்குத் தெரியாது. அதிலும் இந்த வியாதியோ கண்ணையும் பிடிக்கிற வியாதி. கண் மங்கியவர்களுக்கென்றே ஒரு மருந்தை உண்டாக்கி, அதன் அபாயத்தை இரண்டு நெருங்கிய நிறங்களின் பேதத்தில் வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது?

சிரிஞ்சு மாறினால் என்ன ஆகும் என்பதை ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வைத்தியர் 20 யூனிட் எழுதிக் கொடுக்கிறார். வீட்டில் 40 பாட்டில் இருக்கிறது. கடையில் ஆரஞ்சு சிரிஞ்சு கொடுத்துவிட்டார்கள். அதில் 20-வது கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது மில்லியில் ஐந்தில் ஒரு பாகம். அதில் இருக்கும் மருந்து 8 யூனிட்தான். நோயாளி முழு ஊசியும் போட்டுக்கொண்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது பாதிகூட இல்லை. இது மெதுவாய்க் கொல்லுகிற தப்பு. இதையே திருப்பிப் பாருங்கள். பாட்டில் 100, சிரிஞ்சு சிவப்பு. 20-வது கோடுவரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு! இது அன்றைக்கு இராத்திரியே கொல்லக்கூடிய தப்பு. பேனா கெட்டுப்போய்விட்டது என்று அதன் குழாயிலிருந்து சாதாரண சிவப்பு சிரிஞ்சினால் மருந்தை உறிஞ்சிப் போடுகிறவர்களும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

புதுச்சேரிவாசிகள் இதை யாருடைய வீட்டுச் சங்கதியோ என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், வயது வந்தவர்களில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இந்தியா முழுவதற்கும் 100-க்கு 11.4 பேர் என்று கண்டார்கள். கோவாவில் 26.4. அதற்கு அடுத்தபடியாக நமது புதுச்சேரி, 26.3. அதாவது ஏறக்குறைய நாலு பேருக்கு ஒருவர். நேரு வீதியில் எதிரே வருகிறவர்களை எண்ணிக்கொண்டு போனால் தெரிந்துவிடும் கணக்கு இது. இவர்கள் எல்லாரும் ஊசி போடுகிறவர்கள் அல்ல. பெரும்பாலோர் மாத்திரையோடு இருப்பவர்கள். ஆனாலும் வருஷங்கள் செல்லச்செல்ல அவர்களில் ஒரு பகுதியார் ஊசிக்கு வந்துதான் தீரவேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கென்றே இன்னும் சில விசேஷங்கள் இருக்கின்றன. நமது எல்லையோ வெட்டித் தைத்த சட்டைபோல் கிடக்கிறது. ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. கோட்டக்குப்பத்துக்காரர் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாட்டில் வாங்கிக்கொண்டு, வைத்தியம் பார்க்க கோரிமேட்டு ஜிப்மருக்கு வருவார். பாகூர்க்காரருக்குக் கடலூர் பக்கம். ஒரே நோயாளியின் பையில் இரண்டு சர்க்காரின் மருந்தும் ஒரு தனியார் கடையின் சிரிஞ்சும் இருக்கும். போதாக்குறைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கு அநேகம். பாரிசிலிருந்து வரும் மகனோ மகளோ அன்போடு ஒரு பெட்டி சிரிஞ்சு கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. அந்தச் சிரிஞ்சு 100-க்கு உரியது. இங்கே அலமாரியில் இருக்கும் பாட்டிலோ 40. அன்புக்கு எந்த நிற மூடி என்று தெரியுமா?

நிற்க. யூனிட் என்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1921-ல் கனடா தேசத்து டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் மக்லியட் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் இம்மருந்தைக் கண்டார்கள். கொலிப் என்பவர் அதைச் சுத்தி செய்து கொடுத்தார். 1922 ஜனவரி 11-ந் தேதி லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சாவைச் சில மாதம் தள்ளிவைப்பதைத் தவிர உலகத்தில் ஒரு வைத்தியரும், ஒரு மந்திரவாதியும், ஒரு தெய்வமும் ஏதும் செய்ததில்லை. கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்நாளில் மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்த மருந்து ஒரு கடாயில் வீரியமாயும் மறு கடாயில் சொத்தையாயும் வந்தபடியால், அதை எடையினால் அளக்க முடியவில்லை. ஆகவே ஒரு முயலின் இரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்பதை வைத்து அளந்தார்கள். அதுதான் யூனிட். 1920-களிலேயே சர்வதேச சங்கத்தின் சுகாதாரக் குழு முன்னின்று அந்த யூனிட்டை எல்லாத் தேசத்துக்கும் ஒன்றாக்கிவிட்டது. யூனிட் ஒன்றாயிற்று, அதைக் கரைக்கும் தண்ணீரின் அளவுதான் ஒன்றாகவில்லை. மருந்து சுத்தமாக ஆகஆகக் குறைந்த தண்ணீரில் அதிக மருந்தைக் கரைக்க முடிந்தது. ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் ஒரு புதுப் பலம் வந்ததே தவிர, பழையது கடையை விட்டுப் போகவில்லை.

இந்தச் சிக்கலை மற்ற தேசத்தார் எப்படி அவிழ்த்தார்கள் என்பதைத்தான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் நம்மைவிட மோசமான நிலைமை இருந்தது. அங்கே 40 பலமும் 80 பலமும் விற்றன. சிரிஞ்சு மாத்திரம் ஒன்று. அதில் மில்லிக்கு 20 கோடு. ஒரு கோடு 40 மருந்தில் 2 யூனிட். 80 மருந்தில் 4 யூனிட். "நான் 10 போடுகிறேன்" என்று ஒரு நோயாளி சொன்னால், பத்துக் கோடா, பத்து யூனிட்டா, கோடானால் எந்தப் பாட்டிலின் கோடு என்று மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். அமெரிக்கா 1970-களில் 100-க்கு மாறத் தொடங்கியது. பிரிட்டன் 1983 மார்ச்சு 1-ந் தேதியைக் குறித்துக்கொண்டு மாறத் தொடங்கியது. புதுச்சேரியை ஆண்ட பிரான்சோ 2000-வது ஆண்டுவரை 40 பாட்டிலையே வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் மாறிற்று. ஆகையால் "நாம் பிந்திவிட்டோமே" என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிந்தியதை மேலும் பிந்த விடுவதுதான் வெட்கம்.

தேதி குறிப்பதும் தொழிற்சாலையில் பாட்டிலை மாற்றுவதும் சுலபம். ஒவ்வொரு நோயாளியின் கையையும் மாற்றுவது யார்? அந்த வேலை மந்திரியாலும் ஆகாது, கம்பெனியாலும் ஆகாது. குடும்ப வைத்தியரும், தாதிகளும், மருந்துக் கடைக்காரரும் செய்ய வேண்டிய வேலை அது. நோயாளி இப்பொழுது உண்மையில் எத்தனை யூனிட் போடுகிறார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கோட்டுக் கணக்கில் அன்றி யூனிட் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். புதுப் பாட்டிலையும் புது சிரிஞ்சையும் ஒரே நாளில் ஒரே கையால் கொடுத்து, பழைய சிரிஞ்சை வீட்டில் ஒன்றுகூட விடாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். யூனிட் மாறாது, தண்ணீர்தான் குறையும் என்பதை அவருக்குப் புரியும்வரை சொல்ல வேண்டும். சிரிஞ்சில் பாதிகூட நிறையவில்லையே என்று பயந்து, கூடக் கொஞ்சம் இழுத்துப் போடுகிற மனிதனை முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

"உண்மையில் எத்தனை யூனிட்" என்றோமே, அதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு கிழவர் 40 பாட்டிலோடு ஆரஞ்சு சிரிஞ்சை ஆறு மாதமாய் உபயோகித்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். வைத்தியர் 20 எழுதினார், போனது 8. சர்க்கரை இறங்கவில்லை. 30 எழுதினார்; போனது 12. இன்னும் இறங்கவில்லை. 40 எழுதினார், போனது 16. சர்க்கரை ஒருவாறு அடங்கிற்று. சீட்டில் 40, உடம்பில் 16. எல்லாரும் திருப்தி! பிறகு ஒரு நாள் அவர் மகள் வீட்டுக்கு வில்லியனூர் போகிறார். அல்லது வேறு வியாதிக்கு ஆஸ்பத்திரியில் படுக்கிறார். அங்கே சரியான சிவப்பு சிரிஞ்சில், சீட்டில் எழுதியபடி, ஒரு குற்றமும் இல்லாமல் 40 யூனிட்டைச் சரியாகப் போடுகிறார்கள். சரியாகப் போட்டதே அவருக்கு எமனாகிறது. இரண்டரை மடங்கு மருந்து அவர் உடம்பு அறியாத மருந்து. ஆகவே தப்பான சிரிஞ்சைக் கண்டவுடன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியானதைக் கொடுத்தால் தர்மம் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கோட்டை யூனிட்டாக்கி, சீட்டையும் கூடவே திருத்த வேண்டும். இதைச் செய்ய வேண்டுமானால் வைத்தியர் சீட்டைப் பார்ப்பது போதாது. நோயாளி தன் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவந்து, அவர் எதிரிலேயே மருந்தை இழுத்துக் காட்ட வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷந்தான் நமது நாட்டில் கிடைப்பதில்லை.

ஏன் கிடைப்பதில்லை? கூட்டம் அதிகம் என்பார்கள்; வாஸ்தவந்தான். ஆனால் கூட்டம் மட்டும் காரணமல்ல. புரோகிதர் சமஸ்கிருதத்தில் முணுமுணுத்தபோது அர்த்தம் கேட்பது அபசாரம் என்று ஜனங்களைப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் இன்று மருந்துச் சீட்டின் முன்னாலும் கைகட்டி நிற்கிறது. பாட்டிலில் தமிழில் ஓர் எழுத்து இல்லை. அதன்மேல் 40 என்றும் இருக்கும், 30/70 என்றும் இருக்கும். பின்னது இருவகை இன்சுலினைக் கலந்த விகிதமே ஒழிய பலம் அல்ல. படியாத கிழவிக்கு இதில் எது எது என்று யார் சொன்னார்கள்? "நான் 70 ஊசி போடுகிறேன்" என்று அவள் சொல்லுவதைக் கேட்டு வைத்தியர்கள் சிரிப்பதில் பிரயோஜனம் இல்லை. வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தன் உடம்பில் ஏறுவது எவ்வளவு என்று அறியாமல் சட்டையைத் தூக்கிக் காட்டுவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு ஒன்றும் இருக்க முடியாது.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மருந்து அதிகமாய்ப் போய்ச் சர்க்கரை மிகவும் இறங்கினால் மனிதன் குப்பென்று வேர்ப்பான், கை நடுங்கும், பசி எடுக்கும், பிதற்றுவான், ஆளைத் தெரியாமல் சண்டைக்கு வருவான், பிறகு நினைவு தப்பும். நடு இராத்திரியில் ஒரு கிராமத்து வீட்டில் இப்படி நடந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? விபூதிக்காரரையா, சர்க்கரை டப்பாவையா? நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் கால் மணியில் தெளிகிற ஆளை, வேப்பிலை அடித்து விடியும்வரை வைத்திருந்தால் என்ன ஆகும்? நினைவு தப்பியவர் வாயில் ஒன்றையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரதமென்று பட்டினி கிடந்துகொண்டே வழக்கமான ஊசியையும் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இந்த அபாயத்தைத் தாமாகவே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். மறுபக்கத்தில், குறைந்த அளவு ஏறுகிறவனுக்கோ மாதக்கணக்கில் சர்க்கரை இறங்குவதில்லை. "இங்கிலீஷ் ஊசி உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி அவனுக்கு வேரையும் பொடியையும் விற்க ஒருவன் தயாராக இருக்கிறான். சிரிஞ்சின் தப்பு மருந்தின் தப்பாகி, அதன் லாபம் பொடிக்காரனுக்குப் போகிறது.

இனி 40-ஐ விட்டு 100-க்கு மாறுவதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைப் பார்ப்போம். எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் என்று நுட்பமாய் அளக்க வேண்டியிருக்கிறது, 40-ல் அது எளிது என்கிறார்கள். ஒரு மில்லி ஆரஞ்சு சிரிஞ்சில் கோட்டுக்குக் கோடு 2 யூனிட் ஆனதால் இது நியாயமான ஆட்சேபணையே. ஆனால் அரை யூனிட் கோடு போட்ட சிறு சிரிஞ்சுகள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பதுதான் பரிகாரம். மற்றொன்று இதைவிடக் கனமானது. திறந்த பாட்டிலை உத்தேசம் நான்கு வாரத்துக்கு மேல் உபயோகிக்கக் கூடாது என்பது விதி. இப்போதைய 10 மில்லி 40 பாட்டிலில் இருப்பது 400 யூனிட். நாளுக்கு 20 போடுகிறவருக்கு 20 நாளில் தீர்ந்துவிடும். 10 மில்லி 100 பாட்டிலில் 1000 யூனிட். அதே மனிதர் 28 நாளில் 560 போடுவார். மிச்சம் 440 யூனிட்டைக் கொட்ட வேண்டும். ஏழை கொட்டுவானா? கெட்ட பிறகும் போட்டுக்கொண்டுதான் இருப்பான். ஆகவே மாறுகிறதானால் சிறிய பாட்டிலோடு மாற வேண்டும். யூனிட்டுக்கு இன்றைய விலைக்கு ஒரு காசு கூடாமல் மாற வேண்டும். "தரப்படுத்துகிறோம்" என்ற பெயரால் மலிவான பாட்டிலை ஒழித்து, எல்லாரையும் விலை கூடிய பேனாவுக்குத் துரத்துவதானால், அந்தத் தரத்தை விரும்புகிறவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஜனங்கள் குழம்புவார்கள் என்று சிலர் சொல்லுவதற்கு மட்டும் நம்மிடம் மரியாதை இல்லை. 1957 ஏப்ரல் 1-ந் தேதி இந்த நாட்டில் 16 அணா ரூபாய் 100 நயாபைசா ரூபாய் ஆயிற்று. அதைத் தொடர்ந்து சேரும் பலமும் போய்க் கிலோ வந்தது. பள்ளிக்கூடமே பாராத காய்கறிக்காரிகள் சில மாதத்தில் அந்தக் கணக்கைப் பழகிக்கொண்டார்கள். எப்படி? கடைக்குக் கடை பட்டியல் மாட்டினார்கள். பழையதற்கு முடிவு நாள் வைத்தார்கள். இரண்டு நாணயமும் என்றென்றும் செல்லும் என்று விட்டிருந்தால் இன்றைக்கும் சந்தையில் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

முடிவு நாள் வைக்க வேண்டியது இந்திய சர்க்கார். தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டுதுண்டாய்க் கிடக்கும் புதுச்சேரி தனியே 40-ஐ நிறுத்தினால் குழப்பம் அதிகமாகுமே ஒழியக் குறையாது. ஆனால் அதுவரை புதுச்சேரி சர்க்கார் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. 1823-லேயே பிரெஞ்சுக்காரர் வைத்தியப் பள்ளி வைத்த ஊர் இது. இன்று ஜிப்மரும், பெரிய ஆஸ்பத்திரியும், தெருவுக்குத் தெரு வைத்தியர்களும் உள்ள ஊர். பாட்டில் கொடுக்கும் இடத்திலேயே அதற்குரிய சிரிஞ்சையும் கொடுப்பது என்று ஓர் உத்தரவு போட முடியாதா? பாட்டிலின் மேல் "40, சிவப்பு மூடி" என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்ட முடியாதா? எல்லையில் இருக்கும் தமிழ்நாட்டுச் சுகாதார நிலையங்களோடு பேசி, இரு பக்கமும் ஒரே மாதிரிச் சீட்டு என்று ஏற்பாடு செய்ய முடியாதா? தமிழ்நாட்டில் 2021 முதல் வீடு தேடிப் போகும் சுகாதார ஊழியர்களுக்குச் சிரிஞ்சையும் பாட்டிலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில் என்ன செலவு?

வைத்தியர்களுக்கும் நாம் விண்ணப்பம் ஒன்று செய்துகொள்ளுகிறோம். சீட்டில் "20" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை யூனிட், எந்தப் பலம், எந்த நிற மூடி என்ற மூன்றையும் எழுதுங்கள். யூனிட் என்பதை "யூ" என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கவும் வேண்டாம். அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகி, 4 யூனிட் 40 ஆகிவிடும் என்று உலகமெங்கும் வைத்தியர்களையே எச்சரித்திருக்கிறார்கள்.

நமது வாசகர்களில் எழுத்துத் தெரிந்த இளைஞர்கள் கிராமந்தோறும் இருக்கிறார்கள். இந்த வாரத்திலேயே தங்கள் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் இன்சுலின் போடுகிற பெரியவர்களின் பாட்டிலையும் சிரிஞ்சையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால் சரி. ஒன்றாயில்லாவிட்டால் அவர்களாகவே சிரிஞ்சை மாற்றிவிடக் கூடாது. இரண்டையும் சீட்டோடு ஒரே பையில் போட்டு, அடுத்த ஊசிக்கு முன்பாக, அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகட்டும்.